பசுமை மெத்தனாலுக்கு வேண்டும் ஒரு ஹால்மார்க்

மான்குர்த் நிலையத்தை விட்டுப் பன்வேல் நோக்கிச் செல்லும் ரயில், சிறிது நேரத்தில் தாணே கழிமுகத்தின் மேலுள்ள பாலத்தில் ஏறுகிறது. மான்குர்த்துக்கு வடக்கே 1927 முதல் வளர்ந்துவரும் தேவ்னார் குப்பைமேடு. தெற்கே டிராம்பேயின் ஆலைகள். நீர்ப்பரப்புக்கு அப்பால் நவசேவா துறைமுகம். கழிவு, எரிபொருள், கப்பல் ஆகிய மூன்றும் அருகருகே அமைந்த இவ்வட்டாரத்தில் வாழும் நமக்குப் பசுமை மெத்தனால் என்பது தொலைதூரச் செய்தி அன்று.

உலகின் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களிலிருந்து வெளிப்படுகிறது. 2050ஆம் ஆண்டை ஒட்டி இதனை நிகர பூச்சியமாக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023இல் முடிவெடுத்தது. அதற்கான மாற்று எரிபொருள்களுள் மெத்தனால் முன்வரிசையில் நிற்பதற்குக் காரணம் எளியது. சாதாரண வெப்பநிலையில் அது திரவமாகவே இருக்கும். கடுங்குளிரில் சேமிக்க வேண்டியதில்லை. 2015இல் ஸ்டெனா ஜெர்மானிக்கா என்னும் பயணியர் கப்பல் மெத்தனாலுக்கு மாறியது. 2023இல் லாரா மேர்ஸ்க் என்னும் சரக்குப் பெட்டகக் கப்பல் கடலில் இறங்கியது. ஆகவே, எஞ்சின் தடையாக இல்லை.

தடை விலையில் இருக்கிறது. மின்சாரத்தால் நீரைப் பிரித்துப் பெறும் ஹைட்ரஜனைக் கரியமில வாயுவுடன் சேர்த்து ஒரு டன் மெத்தனால் செய்ய, சுமார் 190 கிலோ ஹைட்ரஜனும் 1.4 டன் கரியமில வாயுவும் வேண்டும். இதற்கு ஏறத்தாழ 10,000 யூனிட் மின்சாரம் செலவாகும். யூனிட் 4 ரூபாய் என்று கொண்டாலும் மின்கட்டணம் மட்டுமே 40,000 ரூபாய். அந்த ஒரு டன்னும் கப்பல் எண்ணெயின் அரை டன் தரும் ஆற்றலையே தரும்.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. நிலக்கரியிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ எடுத்த மெத்தனாலும் பசுமை மெத்தனாலும் ஒரே பொருள். நிறத்தாலும் மணத்தாலும் வேறுபடுத்த இயலாது. நகைக்கடையில் தங்கத்தின் தூய்மையை நாம் கண்ணால் அறிவதில்லை. ஹால்மார்க் முத்திரையை நம்பியே பணம் கொடுக்கிறோம். பசுமை மெத்தனாலின் கூடுதல் விலையும் அத்தகைய நம்பிக்கைக்குத் தரப்படும் விலையே. முத்திரை பொய்த்தால், வாங்குபவர் ஏமாறுவதோடு, நேர்மையாக உற்பத்தி செய்பவரும் சந்தையை இழப்பார்.

பசுமை ஹைட்ரஜனுக்கு இந்திய அரசு 2023 ஆகஸ்டில் அளவுகோல் வகுத்தது: ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிப்பில் வெளிப்படும் வாயு 2 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான அளவைத் தாண்டலாகாது. அதே கண்டிப்பு மெத்தனாலுக்கும் வேண்டும். மின்சாரம் எங்கிருந்து வந்தது, கரியமில வாயு எந்தப் புகைபோக்கியில் பிடிக்கப்பட்டது என்பன ஒவ்வொரு சரக்கோடும் ஆவணமாகச் செல்ல வேண்டும் என்பது நம் கருத்து.

இந்தியாவில் தொடக்கம் தூத்துக்குடியில் நிகழ்ந்துள்ளது. வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 35.34 கோடி ரூபாய்ச் செலவில், 750 கன மீட்டர் கொள்ளளவில், கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் முன்னோடி நிலையத்துக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. குஜராத்தின் காண்ட்லாவுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பசுமைக் கடல்வழி அமைப்பதே நோக்கம். அவ்வழி மும்பைக் கடலைக் கடந்தே செல்லும்.

மும்பை இதில் வெறும் பார்வையாளராக இருக்க வேண்டியதில்லை. மக்கும் கழிவிலிருந்து கிடைக்கும் எரிவாயுவையும் மெத்தனாலாக மாற்றலாம். ஆனால் தேவ்னாரில் பல்லாண்டுகளாகக் கலந்து கிடக்கும் பழைய குவியல் அதற்கு உதவாது. வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கப்படும் ஈரக்கழிவே மூலப்பொருள். 2016 ஜனவரியில் அக்குப்பைமேடு எரிந்தபோது நகரெங்கும் பரவிய புகையை எவரும் மறந்திருக்கமாட்டார். கழிவு எரிபொருளானால், முதற்பயன் கோவண்டி, மான்குர்த் மக்களின் மூச்சுக்கே.

ஒன்றை மறைக்கலாகாது. மெத்தனால் கொடிய நஞ்சு. 2015இல் மால்வணியிலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்த மெத்தனால் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதை நாம் அறிவோம். இதன் தீச்சுடரும் பகலொளியில் எளிதில் தெரியாது. கிடங்கிலிருந்து கப்பல் வரை ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கும், மாலுமிகளுக்குத் தனிப் பயிற்சியும் இன்றியமையாதன.

விலை குறையட்டும் என்று கப்பல் நிறுவனம் காத்திருக்கிறது. வாங்குபவர் வரட்டும் என்று ஆலை காத்திருக்கிறது. கப்பல் வாயுக்களுக்கு விலை வைக்கும் உலக ஏற்பாட்டின் மீதான முடிவும் 2025 அக்டோபரில் ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இந்நிலையில் முதல் வாங்குபவராக நம் துறைமுகங்களே முன்வரலாம். இழுவைக் கப்பல்களைப் பசுமையாக்கும் அரசுத் திட்டம் 2024இல் தொடங்கிவிட்டது. அவற்றுள் சிலவற்றுக்கேனும் பத்தாண்டு கொள்முதல் ஒப்பந்தம் செய்தால், ஆலைக்கு உறுதியான வருவாய் கிடைக்கும். உறுதியான வருவாய் உள்ள இடத்துக்கே வங்கிக் கடன் குறைந்த வட்டியில் செல்லும். அக்கடன் நம்போன்றோரின் வைப்புத்தொகையே ஆதலால், பசுமை என்ற பெயரைக் கேட்டதும் மகிழாமல், முத்திரை எங்கே, வாங்குபவர் யார் என்று கேட்பது நம் உரிமை, கடமையும் ஆகும்.