ஒரு நோய்க்கு ஒரு மரபணு என்னும் பொய்

‘சர்க்கரை நோய்க்கான மரபணு கண்டுபிடிப்பு’, ‘புற்றுநோய்க்கான மரபணு கண்டுபிடிப்பு’ என்று செய்திகள் வந்தபடியே இருக்கின்றன. நன்கு படித்தவர்கள்கூட ‘எங்கள் பரம்பரையில் அந்த ஜீன் இருக்கிறது’ என்று சொல்லி, மேற்கொண்டு யோசிப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் என்னென்ன நோய் வரும் என்று அச்சடித்துத் தரும் வியாபாரமும் இந்த நம்பிக்கையை நம்பித்தான் நடக்கிறது. ஒரு நோய், ஒரு மரபணு, ஒரு மருந்து. பெரும்பாலான நோய்களுக்கு இது பொய்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக எப்போதும் அரிவாள் செல் சோகையைக் காட்டுவார்கள். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து பிசகியதால் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அதற்கு அனுமதித்த, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் சிகிச்சை எதை வெட்டுகிறது? பிசகிய மரபணுவை அது தொடுவதே இல்லை. கருவில் இருந்தபோது உடல் தயாரித்த ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு நிறுத்திவைப்பது பிசிஎல்11ஏ என்ற வேறொரு மரபணு. அதன் விசையைத்தான் வெட்டுகிறார்கள். சிசுப் பருவ ஹீமோகுளோபின் மறுபடி ஊறுகிறது. ரத்தச் சிவப்பணுக்கள் வளைவது குறைகிறது. குற்றவாளி என்று பெயர் எழுதி ஒட்டிய மரபணு அப்படியே இருக்க, நோய் அடங்குகிறது.

மனச்சோர்வின் கதை இன்னும் மோசம். செரட்டோனின் கடத்தி மரபணு முதலாக 18 மரபணுக்களைச் சுற்றிச் சுற்றி வருடக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவை வைத்துச் சரிபார்த்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மற்ற மரபணுக்களைவிட அவற்றுக்கு எந்தத் தனிச் சிறப்பும் இல்லை என்று தெரிந்தது. இத்தனை வருட உழைப்பையும் பணத்தையும் நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. 2003இல் வம்சி மூதாவும் சக ஆய்வாளர்களும் 43 ஆண்களின் தசைத் துணுக்குகளில் 22,000க்கும் மேற்பட்ட மரபணுக்களின் செயல்பாட்டை அளந்தார்கள். சிலர் சர்க்கரை நோயாளிகள், சிலருக்கு நோய் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தபோது குறை சொல்லும்படி ஒரு மரபணுவும் அகப்படவில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் சக்தி உண்டாக்கும் பாதையைச் சேர்ந்தவற்றை ஒரு கூட்டமாக வைத்துப் பார்த்ததும், நோயாளிகளிடம் அவற்றில் பெரும்பாலானவை சுமார் 20% தணிந்திருந்தது தெரிந்தது. தனித்தனியே கணக்கில் தட்டுப்படாத சிறு சரிவுகள். ஆனால் எல்லாம் ஒரே திசையில்.

ஒரு மரபணுவை மட்டும் பார்ப்பதற்கும் பாதை முழுவதையும் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் புற்றுநோயில் உயிர் போகும் விஷயம். பிராஃப் என்ற மரபணுவில் 600ஆம் இடத்தில் நேரும் ஒரு பிறழ்வு, மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் அடிக்கடி காணப்படுகிறது. அதை அடக்கும் வெமுராஃபெனிப் மருந்து 2011இல் அனுமதி பெற்றது; அந்தப் பிறழ்வு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. பெருங்குடல் புற்றுநோயாளிகள் சிலருக்கும் அதே பிறழ்வு உண்டு. அதே மருந்தை 21 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குத்தான் கட்டி சொல்லும்படியாகச் சுருங்கியது. மரபணுவை மட்டும் பார்ப்பவர்களிடம் இதற்குப் பதில் கிடையாது.

2012இல் ஆம்ஸ்டர்டாமில் ரெனே பெர்னார்ட்ஸ் குழு, குடல் புற்று செல்களில் சமிக்ஞைப் புரதங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தது. பிராஃப் கிளப்பிவிடும் சமிக்ஞை செல்லைப் பெருகவைப்பதோடு, செல்லின் பரப்பில் உள்ள ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியை அடக்கியும் வைத்திருந்தது. மருந்து பிராஃபை நிறுத்தியதும் அந்தக் கட்டுப்பாடும் போய்விட்டது. ஏற்பி விழித்துக்கொண்டு வேறு வழியாகச் செல்லைப் பெருகவைத்தது. மெலனோமா செல்களில் அந்த ஏற்பி மிகக் குறைவு, அதனால் அங்கே மருந்து பலித்தது. பிராஃப், ஈஜிஎஃப்ஆர் இரண்டையும் சேர்த்து அடைக்கும் கூட்டுச் சிகிச்சை 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐந்தில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. இது போதாது. ஆனாலும் ஒப்பீட்டுக்குத் தரப்பட்ட பழைய சிகிச்சையில் நூற்றில் இரண்டு பேருக்குத்தான் அது நடந்தது.

இப்படி மரபணுக்களைக் கூட்டமாகப் பார்க்க, அவற்றுக்கிடையிலான இணைப்புகளைப் படமாக வரையும் வலைப்பின்னல் ஆய்வின் பெயரால் நடக்கும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். அதிகம் ஆராயப்பட்ட மரபணுக்களுக்குத் தரவுத்தளங்களில் இணைப்புகள் குவிந்து கிடக்கின்றன. யாரும் தொடாத மரபணுக்களுக்கு அவை மிகவும் சொற்பம். அதனால் எந்த நோயின் தரவை உள்ளே போட்டாலும் டிபி53 போன்ற அதே பெயர்கள் படத்தின் நடுவில் வந்து உட்காரும். அதைப் பார்த்துவிட்டு ‘இதுதான் இந்த நோயின் முக்கிய மரபணு’ என்று கட்டுரை எழுதுபவர்கள், பழைய பொய்யையே கணினியில் வரைந்து தருகிறார்கள். அந்த நடுப்புள்ளியை ஆய்வகத்தில் அணைத்துப் பார்த்து, செல் என்ன செய்கிறது என்று காட்டாதவரை அந்தப் படத்தை நான் ஆதாரமாக ஏற்கமாட்டேன். ஆய்விதழ்களும் ஏற்கக் கூடாது.