ஏறினாரா, துரத்தப்பட்டாரா?

சினிமா டைரக்டர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜான் ஃபிராங்கன்ஹைமர் என்ற அமெரிக்கரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவர் டெலிவிஷனில் தொழில் பழகிக்கொண்டு பிறகு சினிமாவுக்கு உயர்ந்தார் என்று ஒரு வரி எழுதுவார்கள். எழுதிவிட்டு, 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' வெளிவந்த 1962-ஆம் வருஷத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடுவார்கள். அதற்கு முன்னால் அந்த மனிதர் செய்த அத்தனை வேலையும் அந்த ஒரு வரியோடு சரி. மற்றச் சொற்களை மன்னித்துவிடலாம். 'உயர்ந்தார்' என்ற சொல்லை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம். 1930-ல் நியூயார்க்கில் பிறந்த ஃபிராங்கன்ஹைமர், விமானப் படையின் படப்பிடிப்புப் பிரிவில் இருந்துவிட்டு, 1953-ல் சி.பி.எஸ். டெலிவிஷனில் உதவி டைரக்டராகச் சேர்ந்தார். ஸிட்னி லூமெட்டிடம் வேலை பார்த்தார். அடுத்த வருஷமே டைரக்டரானார். அப்போது அவருக்கு வயது 24. 1960-க்குள் அவர் இயக்கிய நாடகங்கள் 152 என்று கணக்குச் சொல்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நேரடி ஒளிபரப்பு.

நேரடி ஒளிபரப்பு என்றால், நடிகர் நடிக்கிற அதே விநாடியில் லட்சக்கணக்கான வீடுகளில் அது தெரியும். ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் செட்டுகள் நிற்கும். ஒரு காட்சி முடிந்ததும் நடிகை ஓடிப்போய், ஓடுகிற ஓட்டத்திலேயே உடை மாற்றிக்கொண்டு, அடுத்த செட்டில் மூச்சு வாங்காமல் நிற்க வேண்டும். தரையெல்லாம் கேபிள்கள், கனத்த காமிராக்கள் ஒன்றின் வாலை மற்றொன்று மிதிக்காமல் நகர வேண்டும். டைரக்டர் தனி அறையில் உட்கார்ந்து, எதிரே வரிசையாக இருக்கும் சின்னத் திரைகளைப் பார்த்தபடி, இப்போது இந்தக் காமிரா, அடுத்தது அந்தக் காமிரா என்று கட்டளையிட்டுக்கொண்டே இருப்பார். சினிமாவில் எடிட்டிங் அறையில் வாரக்கணக்கில் யோசித்துச் செய்வதை இங்கே விநாடிக்குள் தீர்மானிக்க வேண்டும். வசனம் மறந்தால் மறந்ததுதான். கதவு திறக்காமல் சிக்கிக்கொண்டால் சிக்கிக்கொண்டதுதான். மறுபடி எடுப்பது என்ற பேச்சே இல்லை.

இதைத்தான் பயிற்சிப் பள்ளி என்கிறார்கள்! மேடையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் கச்சேரி செய்கிற வித்வானைப் பார்த்து, பாவம், இசைத்தட்டுக்குப் பாடப் பழகுகிறார் என்று யாராவது சொல்வார்களா?

சரி, அவராவது சினிமாவுக்கு 'உயர' வேண்டும் என்று தவித்தாரா? நடந்ததைப் பாருங்கள். டெலிவிஷனில் தாம் இயக்கிய ஒரு நாடகத்தையே 'தி யங் ஸ்ட்ரேஞ்சர்' என்ற சினிமாவாக எடுத்தார். 1957-ல் அது வெளிவந்தது. ஏணியில் கால் வைத்தாயிற்று அல்லவா? அந்தக் காலை எடுத்துக்கொண்டு அவர் டெலிவிஷனுக்கே திரும்பிவிட்டார். அடுத்த சினிமா 1961-ல்தான். இடையில் இருந்த வருஷங்களில் அவர் செய்தவை என்ன? 'பிளேஹவுஸ் 90' என்ற ஒன்றரை மணி நேர நாடக வரிசையில், 1957-ல் ராட் ஸெர்லிங் எழுதிய 'தி காமெடியன்'. 1958-ல், குடியால் சீரழியும் தம்பதியைப் பற்றிய 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்'. 1959-ல் ஹெமிங்வேயின் ஸ்பானிய யுத்த நாவல் இரண்டு பகுதிகளாக. அதே வருஷம் ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்குரூ'வை வேறொரு வரிசைக்காக இயக்கினார். அதில் நடித்த இங்கிரிட் பெர்க்மனுக்கு டெலிவிஷன் துறையின் பெரிய பரிசான எம்மி கிடைத்தது. இவையெல்லாம் பிழைப்புக்காகக் காத்திருக்கும் பையன் செய்கிற வேலைகளா?

பிறகு ஏன் போனார்? அவர் போகவில்லை; இடம் போய்விட்டது. 1956-ல் வீடியோ டேப் வந்தது. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் பிலிமில் எடுத்துத் தள்ளிய தொடர்கள், குதிரையும் துப்பாக்கியுமாக, வந்து குவிந்தன. பிலிமில் எடுத்ததைத் திரும்பத் திரும்பப் போடலாம். திரும்பத் திரும்ப விற்கலாம். ஒரே ராத்திரியில் முடிந்துபோகிற நாடகத்தை யார் சீந்துவார்கள்? போதாததற்கு, பணம் கொடுக்கிற விளம்பரதாரரின் ராஜ்யம். 1959-ல் அதே 'பிளேஹவுஸ் 90' வரிசையில் நூரெம்பர்க் விசாரணையைப் பற்றி ஒரு நாடகம் வந்தது. யூதர்களைக் கொன்ற விஷவாயுவைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியுமா? ஆனால் காசு கொடுத்தவர்களில் எரிவாயுக் கம்பெனிகளின் சங்கமும் இருந்தது. 'வாயு' என்று வந்த இடத்தில் நடிகரின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இப்படிப்பட்ட எஜமானர்களின் வீட்டில் அந்த நாடக வரிசை 1960-ல் முடிந்தது. வீடு இடிந்து தெருவுக்கு வந்தவனை, மாடி வீட்டுக்குக் குடிபோனான் என்று பாராட்டுகிறோம்!

அந்தக் காலத்து நாடகங்கள் எல்லாமே காவியங்களா என்று கேட்பீர்கள். இல்லை. வாரம் தவறாமல் வந்தவற்றில் குப்பையும் நிறைய இருந்தது. ஆனால் நம் அளவுகோலின் கோணலைப் பாருங்கள். பேடி செயெஃப்ஸ்கி எழுதிய 'மார்ட்டி'யை டெல்பர்ட் மான் 1953-ல் டெலிவிஷனில் இயக்கினார். அதே எழுத்தாளர், அதே டைரக்டர், அதே கதை, 1955-ல் சினிமாவாக வந்ததும் ஆஸ்கர் பரிசு, கான் விழாப் பரிசு எல்லாம் வந்து குவிந்தன. 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்' 1962-ல் சினிமாவானபோது இயக்கியவர் பிளேக் எட்வர்ட்ஸ். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவு வருவது அந்தச் சினிமாதான். சரக்கு மாறவில்லை, கடை மாறியது. கடையைப் பார்த்து விலை சொல்கிறவனை ரசிகன் என்று எப்படி அழைப்பது?

சினிமாவில் அவர் ஜெயித்த இடங்களிலும் பழைய கை தெரிகிறது. 'மஞ்சூரியன் கேண்டிடே'ட்டில் ஒரு செனட்டர் கூட்டத்தில் எழுந்து கத்துகிறார். அதே சட்டகத்துக்குள் டெலிவிஷன் திரையிலும் அவரே கத்துகிறார். கட்டுப்பாட்டு அறையில் வருஷக்கணக்காக உட்கார்ந்த கண்ணுக்குத்தான் அப்படிப் பார்க்கத் தோன்றும்.

பிற்காலத்தில் அவர் சறுக்கினார். குடி அவரையும் பிடித்தது. அதை அவரே ஒப்புக்கொண்டார், மீண்டும் வந்தார். மீண்டு எங்கே போனார் என்பதுதான் என் கட்சிக்குச் சாட்சி. 1994-ல், 64 வயதில், அட்டிக்கா சிறைக் கலகத்தைப் பற்றி 'அகெய்ன்ஸ்ட் தி வால்' என்ற படத்தை டெலிவிஷனுக்கு எடுத்தார். பிறகு பிரேஸில் காட்டுத் தொழிலாளர் தலைவர் சிக்கோ மெண்டிஸைப் பற்றி ஒன்று, உள்நாட்டுப் போர்க் கைதி முகாமைப் பற்றி ஒன்று, இனவெறி அரசியல் செய்த கவர்னர் ஜார்ஜ் வாலஸைப் பற்றி ஒன்று. நான்குக்கும் வரிசையாக டைரக்டருக்கான எம்மி. ஐம்பதுகளில் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் ஒரு தடவைகூட அவருக்குக் கிடைக்காத பரிசு அது! கடைசிப் படமும் டெலிவிஷனுக்குத்தான்: வியட்நாம் யுத்தத்தில் ஜான்ஸன் சிக்கிக்கொண்ட கதை. அது ஒளிபரப்பான 2002-லேயே அவர் இறந்தார்.

ஏணிக் கணக்குப்படி இதை என்னவென்று எழுதுவது? இறங்கினார் என்றா?

வாரப் பத்திரிகையில் வந்தபோது தலையணைக்குக் கீழே கசங்கிக் கிடந்த கதை, கெட்டி அட்டைக்குள் போனதும் இலக்கியமாகிவிடுவதைக் கண்டவர்கள் நாம். நமக்கு இந்த வியாதி புதிதல்ல. மருந்து ஒன்றுதான்: நேரில் பார்ப்பது. 'தி காமெடிய'னும், 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்' நாடகமும் அழியாமல் தப்பி, 2009-ல் குறுந்தகடுகளாகவும் வந்துவிட்டன. படம் மங்கலாகத்தான் இருக்கும். முன்னால் ஒரு முகம், அதற்குப் பின்னால் ஆழத்தில் இன்னொரு முகம், இரண்டுக்கும் நடுவே ஒரு பகை. இத்தனையும் ஓர் இளைஞன் ஒரே மூச்சில் அமைத்தது. பார்த்துவிட்டு, அந்த வரியில் 'உயர்ந்தார்' என்று இருக்கிற இடத்தில் என்ன சொல் போடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.