தெரிந்தவர் கை தூக்கலாம்

மயிலாப்பூரில் கொசுவுக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பது பொது அறிவு. மாட வீதியில் கறிகாய் வாங்கப் புறப்பட்டால், "ஸார், மடகாஸ்கரின் தலைநகரம் எது?" என்று வழிமறிக்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. அந்தனானரிவோ என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரிக்காய்க்குப் பேரம் பேச முடியும்.

இந்த வியாதியை வீடுதோறும் பரப்பிய புண்ணியம் டெலிவிஷனைச் சேர்ந்தது. 1985-ம் ஆண்டில் தூர்தர்ஷனில் ஸ்ரீ சித்தார்த்த பாசு 'க்விஸ் டைம்' நடத்தத் தொடங்கியபோது நாம் அரை நிஜார்ப் பருவத்தில் இருந்தோம். பக்கத்து வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியிருக்கும். கல்லூரி மாணவர்கள் சொன்ன விடைகளைக் காட்டிலும் அவர்கள் பேசிய இங்கிலீஷைக் கண்டுதான் கூடம் அதிகம் பிரமித்தது.

பிற்காலத்தில் நாமும் இரண்டொரு முறை காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். நான்கு வாரத்து நிகழ்ச்சியை ஒரே நாளில் பிடித்துவிடுவார்களாதலால் நான்கு சட்டைகள் கொண்டுவரும்படி உத்தரவு. முகத்தில் மாவு அப்பினார்கள். சபையோர் யாதொரு காரணமும் இன்றிக் கை தட்டினார்கள். அந்தக் கரகோஷத்தைத் தனியாகப் பதிவு செய்துகொண்டு, வேண்டிய இடத்தில் பிறகு சேர்த்துக்கொள்வார்களாம்!

உண்மையான ருசியை நாம் கண்டது காமிரா இல்லாத இடத்தில். லாண்ட்மார்க் புத்தகக் கடையார் பல ஆண்டுகள் சுதந்திர தினத்தன்று வினாடி வினா நடத்தினார்கள். சங்கீத வித்வத் சபையின் மண்டபம் மார்கழிக் கச்சேரிக்கு நிறைவது போல நிறையும். கண் வைத்தியரான டாக்டர் நவீன் ஜெயகுமார் கேள்வி கேட்பார். யோசித்துக் கண்டுபிடிக்கும்படியான கேள்விகள். தோற்றவர்களும் சந்தோஷமாக வீடு திரும்புவார்கள்.

ஆனால் அத்தனையும் இங்கிலீஷ். இது நமக்கு உறைத்தது உபாத்தியாயரான பிறகே. தமிழில் படிக்கும் இரண்டு பிள்ளைகளை அடையாறில் ஒரு பள்ளிப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தோம். 1921-ல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது ஏன் என்று ஆராயப் புகுந்த விஞ்ஞானி யார் என்பது கேள்வி. நாலு வரி நீளம். ஒரே மூச்சில் படித்துவிட்டார்கள். நம் பிள்ளை கை தூக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், "ஸார், அது ஸி. வி. ராமன் கதைதானே? கடல் என்ற வார்த்தை மட்டும்தான் பிடிபட்டது" என்றான். ராமன் படித்த மாநிலக் கல்லூரி அந்தப் பையன் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

ஆகவேதான் கோடி ரூபாய்ப் போட்டிகளைப் பண்டிதர்கள் ஏளனம் செய்யும்போது நாம் சேர்ந்துகொள்வதில்லை. 2000-ம் ஆண்டில் சன் டிவியில் ஸ்ரீ சரத்குமாரும், 2012-ல் விஜய் டிவியில் ஸ்ரீ சூர்யாவும் நடத்திய போட்டிகளில் முதற் கேள்விகள் பாலர் வகுப்புக்கு உரியவைதாம். விடை சொன்ன பிறகு, அது சரியா தவறா என்று தெரிவதற்குள் பற்பசை விளம்பரம் வந்துவிடும். எல்லாம் வாஸ்தவம். எனினும் கேள்வி தமிழில் இருந்தது, எழுத்தில் இருந்தது, யோசிக்க அவகாசமும் இருந்தது.

இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2020 ஜனவரியில் பார்த்தோம். கலர்ஸ் தமிழில் ஸ்ரீமதி ராதிகா பெண்களுக்கென்றே நடத்திய 'கோடீஸ்வரி'யில் மதுரை ஸ்ரீமதி கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ரூபாய் வென்றார். நீதிமன்ற ஊழியர், பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். கேள்வியையும் நான்கு விடைகளையும் திரையில் எழுதிக் காட்டுவதுதானே பண்டிதர்களுக்குப் பரிகாசம்? காதால் கேட்டு, மணியை முந்தி அடிக்கும் நமது வித்வத் போட்டிகளில் அந்த அம்மாளுக்கு ஓர் ஆசனம் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறோம்.

நமது வகுப்பில் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் போட்டி உண்டு. கேள்வியைப் பலகையில் இரு பாஷையிலும் எழுதிவிட்டு, அரை நிமிஷம் வாய் திறப்பதில்லை. கடைசி பெஞ்சிலிருந்து எழும்புகிற கைகளைக் கண்டால் நமக்கே ஆச்சரியமாக இருக்கிறது. பள்ளிப் போட்டி நடத்துகிற சிலருக்கும் இவ்விதமே செய்யலாகாதா என்று கடிதம் எழுதியிருக்கிறோம். ஒருவர் மட்டும் பதில் போட்டிருக்கிறார், இங்கிலீஷில், யோசிப்பதாக.