இலை அறிந்த அளவு

கோடை நண்பகலில் அவிநாசிபாளையத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் பயணிப்போர், வேம்பும் தென்னையும் வெயிலில் பசுமை குன்றாது நிற்பதைக் காணலாம். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கு இலை வழியே ஆவியாகிவிடுகிறது. அவ்வளவு இழந்தும் மரம் வாடாதிருப்பது எவ்வாறு?

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எண்ணற்றவை உள்ளன. ஒவ்வொன்றையும் இரு காப்புச் செல்கள் காக்கின்றன. அவற்றினுள் பொட்டாசியமும் தொடர்ந்து நீரும் புகுந்தால், அவை புடைத்துத் துளை திறக்கும். வெளியேறினால் தளர்ந்து மூடும். மண்ணில் ஈரம் குறைந்ததும் அப்சிசிக் அமிலம் என்னும் சுரப்பு, மூடுமாறு அவற்றுக்கு உணர்த்துகிறது. எந்நேரமும் மூடியிருந்தால் கரியமில வாயு நுழையாது. மரம் பட்டினி கிடக்கும். எனவே தேவைக்குத் திறந்து, தேவை முடிந்ததும் மூடுகிறது.

சூரத்துர் ரஹ்மானில் அல்லாஹ் குறிப்பிடும் தராசு இவ்விலையிலும் நிறுவப்பட்டிருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுச் செய்ததாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. முத்து என்பது நடுத்தர மனிதரின் இரு கைகளும் சேர்த்து ஏந்தும் அளவாகும். நாமோ குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, தலைக்கு மஸஹு செய்யும்போதும் மூடுவதில்லை.

“சாயப்பட்டறைகள் நீரை நாசமாக்கும் ஊரில், நம் ஒளுத் தண்ணீரால் என்ன குறைந்துவிடும்?” என்று சிலர் கேட்கின்றனர். திருப்பூரின் சாயக்கழிவால் நொய்யல் கெட்டது. பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை உழவருக்கே தீங்கானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் தவித்தன. உரிய காலத்தில் தாமே கட்டுப்படாதோர் பிறரால் கட்டுப்படுத்தப்படுவர் என்பதே அதன் பாடம். அப்பாடம் நம்மையும் நீக்கிவிடவில்லை. ஓர் இலைத்துளை இழக்கும் நீர் அற்பமே. ஆயினும், ‘என் ஒருத்தியால் என்ன’ என்று எல்லாத் துளைகளும் திறந்தே கிடந்தால் மரம் பட்டுவிடும்.

ஆகவே, ஒளுச் செய்யுமிடத்தில் சிறு தாரைக் குழாய்களைப் பொருத்துவதையும், வழிந்தோடும் நீரைப் பள்ளிவாசல் தென்னைக்குத் திருப்புவதையும் ஜமாஅத்தார் சிந்திக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்கு ஒளுவைக் கற்பிக்கும்போதே குழாயை மூடவும் கற்பிப்போம்.

வீண்விரயத்தை விட்டும் வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.