கே.பி.எஸ். கட்டிய வெள்ளைச் சேலை

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு காணொளி. இளமையில் ஒரே மேடையில் பாடியவர்கள். ஆளுக்கொரு ஊரில் குடும்பம் நடத்தி, துணையை இழந்து, ஸ்மூலில் குரலை அடையாளம் கண்டு, அறுபதுக்கு மேல் மணம் முடித்திருக்கிறார்கள். அதன் கீழே நம்மவர்கள் கேட்டது: "பேரன் பேத்தி எடுத்த வயசில் இது தேவையா?" கேட்டவர்களில் பாதிப் பேர் என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள்!

போன மாதம் இதே குழுதான் கே.பி. சுந்தராம்பாளைப் புகழ்ந்து தள்ளியது. திண்டுக்கல்லிலிருந்து ரயிலேறி கரூர் தாண்டினால் அவர் பிறந்த கொடுமுடி. கிட்டப்பாவோடு அவரைச் சேர்த்ததும் பாட்டுதான். 1927-ல் மணம், பிறகு மனக்கசப்பு, பிரிவு. அவர் எழுதிய கடிதங்கள் அச்சில் உள்ளன, எவ்வளவு ஏக்கம், எவ்வளவு கோபம்! 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25. 1980-ல் கண்மூடும்வரை வெள்ளைச் சேலைதான்.

அந்த உறுதி அவருடையது. வணங்குகிறேன். ஆனால் அதை அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அளவுகோலாக்க நீங்கள் யார்? விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856-ல் ஐயா! மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்தால் மட்டும், "பாவம், சோறாக்கிப் போட ஆள் வேண்டாமா" என்பீர்கள். அவளுக்குக் கூடப் பாட ஒரு ஆள் வேண்டாமா?

குழுவில் அந்த இருவருக்கும் வாழ்த்துப் போட்டேன். இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். போகட்டும்.