எண்பது நாள் கணக்கும் காண்டிராக்டர் கணக்கும்

நெய்வேலியில் 1956-ல் கார்ப்பரேஷன் பிறந்தது. 1957-ல் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. அதே 1961-ல்தான் டில்லிப் பார்லிமெண்டு பிரசவ சகாயச் சட்டத்தையும் நிறைவேற்றிற்று. கரிக்கும் சட்டத்துக்கும் ஒரே வயது. கரி நாள் தவறாமல் வெளியே வந்துகொண்டிருக்கிறது. சட்டம் மட்டும் காண்டிராக்டரின் மேஜை டிராயரை விட்டு வெளியே வர மறுக்கிறது!

பர்மனெண்டு ஊழியரான மாதர் பிரசவ லீவு எடுத்தால் சம்பளம் தானாக வருகிறது. அவர்கள் போராடிப் பெற்ற உரிமை அது. அதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் அதே டவுன்ஷிப்பில் விடியுமுன் தெருப் பெருக்குகிற, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற, கேண்டீனில் பாத்திரம் துலக்குகிற காண்டிராக்ட் பெண் வயிற்றில் குழந்தையோடு நின்றால், “பிள்ளை பெற்று வந்த பிறகு பார்க்கலாம்” என்று அனுப்புகிற காண்டிராக்டர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்தால் அவள் இடத்தில் வேறு ஒருத்தி நிற்கிறாள். இதற்குப் பெயர் என்ன? வேலை நீக்கமா? இல்லையாம். “அவளாகவே நின்றுவிட்டாள்” என்று ரிஜிஸ்டரில் எழுதிவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பிரசவம் எதிர்பார்க்கிற தேதிக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதலில் இது 160 நாளாக இருந்தது. 1988-ல் திருத்தி 80 ஆக்கினார்கள். தொடர்ச்சியாக 80 நாள் என்று எங்கும் எழுதவில்லை. விட்டு விட்டு வேலை செய்தாலும் கூட்டிப் பார்த்து 80 வந்தால் சரி. லே-ஆப் கொடுத்த நாளும், கூலியோடு விட்ட விடுமுறை நாளும் அந்தக் கணக்கில் சேரும். சகாயம் 12 வாரமாக இருந்ததை 2017-ல் 26 வாரம் ஆக்கினார்கள். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். 29 தொழிலாளர் சட்டங்களைக் கரைத்து நான்கு தொகுப்பாக்கி 2025 நவம்பர் 21-ல் அமலுக்குக் கொண்டுவந்தார்களே, அந்தத் தொகுப்புகளைப் பற்றி நமக்குச் சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனால் 80 நாளும் 26 வாரமும் அவற்றிலும் அப்படியேதான் இருக்கின்றன. “பழைய சட்டம் போய்விட்டது” என்று எந்தக் காண்டிராக்டராவது சொன்னால் அது பச்சைப் பொய்.

“நீ காண்டிராக்ட் ஆள், உனக்குச் சட்டம் பொருந்தாது” என்பார்கள். 1961-ம் ஆண்டுச் சட்டமே, நேரடியாகவோ ஏஜென்சி மூலமாகவோ கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண் என்றுதான் சொல்லிற்று. புதிய தொகுப்பும் காண்டிராக்டர் மூலம் வந்தவரைச் சேர்த்தே பேசுகிறது. டில்லி மாநகராட்சி இதே வாதத்தைத்தான் சுப்ரீம் கோர்ட்டு வரை கொண்டுபோனது. மஸ்டர் ரோல் பெண்கள் பர்மனெண்டு இல்லையாம், ஆகவே பிரசவ லீவு இல்லையாம்! 2000-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. தினக்கூலிப் பெண்ணின் வயிற்றில் வளர்வதும் குழந்தைதான் என்பதை நிலைநாட்ட ஒரு சுப்ரீம் கோர்ட்டு வேண்டியிருந்தது!

இன்னொரு தந்திரம் இருக்கிறது; இதுதான் மோசமானது. ஒரு காண்டிராக்ட் முடியும், மறு காண்டிராக்டர் வருவார். அதே பெண், அதே துடைப்பம், அதே தெரு. ஆனால் ரிஜிஸ்டர் புதிது. “என்னிடம் நீ சேர்ந்து ஐம்பது நாள்தானே ஆகிறது?” என்று கேட்பார். நாம் திருப்பிக் கேட்கிறோம்: தெரு காண்டிராக்டருடையதா? கேண்டீன் அவருடையதா? ஸ்தாபனத்தின் விவகாரங்கள் மீது இறுதி அதிகாரம் உள்ளவர் எவரோ அவரே முதலாளி என்றுதான் சட்டம் வரையறுத்திருக்கிறது. காண்டிராக்டர் மாறலாம்; இறுதி அதிகாரம் மாறுவதில்லை. கூலி கொடுக்கக் காண்டிராக்டர் தவறினால் பிரதம முதலாளி கொடுக்க வேண்டும் என்று 1970-லேயே காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் எழுதி வைத்தது. நாட்களைக் கூட்டும்போது மட்டும் பிரதம முதலாளி எங்கே மறைந்து போவது?

மாலை நேரக் கூட்டங்களில் நாம் இதைச் சொல்லும்போது, “சர்க்கார்தான் 14,000 ரூபாய் தருகிறதே, அது போதாதா?” என்று கேட்கிறவர்களும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழ்நாட்டில் வழங்கும் உதவியைச் சொல்கிறார்கள். அது ஏழைத் தாயின் சத்துணவுக்கு. வாங்க வேண்டியதுதான், விடக்கூடாது. ஆனால் அது கூலிக்கு ஈடு அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 வாரத்துக்கு 182 நாள். 182 நாளைக்கு 91,000 ரூபாய்! சர்க்கார் உதவியைக் காட்டி இந்த 91,000-த்தை விழுங்கப் பார்ப்பவனை என்னவென்று அழைப்பது?

“வாரத்துக்கு ஆறு நாள்தானே வேலை, ஞாயிறுக்கு ஏன் கூலி?” என்று கேட்டால் அதற்கும் பதில் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. கோயமுத்தூர் ஜில்லாவில் மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு 12 வாரத்துக்கு 72 நாள் கணக்குத்தான் போட்டார்கள். வாரம் என்றால் ஏழு நாள், 84 நாள் வேண்டும் என்றாள் அவள். லேபர் கோர்ட்டில் தொடங்கி சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1977-ல் அவள் பக்கமே தீர்ப்பாயிற்று. 12 ஞாயிற்றுக்கிழமைகளுக்காக ஒரு கூலிப் பெண் நின்ற நிலையால் இன்று ஒவ்வொரு தாய்க்கும் 26 ஞாயிறு கிடைக்கிறது. மேலே சொன்ன கூலியில் அது மட்டும் 13,000 ரூபாய்.

முதலாளிமார் சார்பில் பேசும் பத்திரிகைகள் வேறொரு ராகம் பாடுகின்றன. 26 வாரம் கொடுத்தால் பெண்களை வேலைக்கே வைக்க மாட்டார்களாம். இதில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது, மறுக்கவில்லை. முழுச் செலவையும் ஒரு முதலாளி தலையில் வைத்தால் அவன் பெண்ணைக் கண்டதும் கதவைச் சாத்துவான். அதற்கு மருந்து லீவைக் குறைப்பதா? பெண்ணை வைத்தாலும் வைக்காவிட்டாலும் எல்லா முதலாளிகளிடமும் வசூலித்து, சர்க்காரும் பங்கு போட்டு, ஒரு பொது நிதியிலிருந்து கொடுப்பதுதான் மருந்து. பிலிப்பைன்ஸ் தீவுகளில் பொது நிதியிலிருந்துதான் கொடுக்கிறார்கள். பிரசவம் நடக்கும் அரையாண்டுக்கு முந்திய 12 மாதத்தில் மூன்று மாதச் சந்தா சமூகப் பாதுகாப்பு நிதியில் இருந்தால் போதும். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி 105 நாள். எத்தனையாவது குழந்தை என்று கேட்பதில்லை. முதலாளி முன்பணமாகக் கொடுத்துவிட்டு நிதியிலிருந்து பெற்றுக்கொள்கிறான். வேலை இழந்தவளும், சொந்தத்தில் கூடை முடைந்து விற்கிறவளும்கூட சந்தா கட்டியிருந்தால் பெறலாம். நம் நாட்டிலோ, சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2000-ல் நிறைவேற்றிய 183-வது உடன்படிக்கையில் இந்திய சர்க்கார் இன்னும் கையெழுத்திடவில்லை.

மில் தோழர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது; இரண்டு சந்தாக் காலத்தில் 70 நாள் சந்தா பதிந்திருந்தால் 26 வாரச் சகாயம் உண்டு. பிடித்த சந்தாவை மில் கட்டியதா என்று பிரசவத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வயலில் நாற்று நடுகிற நம் சகோதரிக்கோ 80 நாளும் இல்லை, 70 நாளும் இல்லை. வரப்பில் நிற்கும் பண்ணையாரை எந்தச் சட்டமும் முதலாளி என்று அழைத்து நிறுத்தவில்லை. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்று 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லிற்று. 2017-ல் டில்லி கொண்டுவந்த திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்றது. சட்டம் போட்டவர்களே தங்கள் சட்டத்தில் ஆயிரம் ரூபாய் கழித்துக்கொண்டார்கள்! பொது நிதி வேண்டும் என்று நாம் கேட்பது இவர்களுக்காகவும்தான்.

நெய்வேலி காண்டிராக்ட் சகோதரிகள் இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. கர்ப்பம் உறுதியானதும் எழுத்தில் நோட்டீசு கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். நோட்டீசு கொடுக்க மறந்தாலும் உரிமை போய்விடாது. பிரசவத்துக்கு முந்திய பகுதிக்கான பணத்தை முன்னதாகவே தர வேண்டும். மீதியை, பிரசவமான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். லீவில் இருக்கும்போது நீக்கினால் அது சட்டவிரோதம். காண்டிராக்டர் ரிஜிஸ்டரைக் காட்ட மறுத்தால் கவலை வேண்டாம், கேட்-பாஸ், பி.எப். பாஸ்புத்தகத்தில் மாதாமாதம் விழுந்த பதிவு, பாங்கியில் கூலி ஏறிய தேதி, இவையெல்லாம் சாட்சி பேசும். இது மத்திய சர்க்கார் ஸ்தாபனம் ஆனபடியால் மனு மத்திய லேபர் இலாகாவுக்குப் போக வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு இப்போது ‘உதவியாளர்’ என்றும் ஒரு பட்டம் சேர்த்திருக்கிறார்கள். யாருக்கு உதவி என்பதை நம் மனுக்கள் போய்ச் சேர்ந்தபின் பார்ப்போம். இந்த வகைக் காகிதங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை யூனியன் ஆபீசுக்கு வாருங்கள். மனு எழுதித் தர ஆட்கள் இருப்பார்கள்.