கமராவும் முக்காலியும்: விரைவுத் தகடு வேண்டற்பாலதோ?

கமராவை முக்காலியிற் பொருத்துதற்குப் பழைய திருகாணி ஒன்றே போதுமா, அன்றி விரைவிற் கழற்றிப் பூட்டும் தகடும் வேண்டுமா என்பது எமது கல்லூரிப் படப்பிடிப்புக் கழக மாணவரிடையே எழுந்துள்ள வாதம். ஒரு முக்காலியும் நான்கு கமராக்களும் உடைய கழகத்துக்கு இது வீண்பேச்சன்று. கையிலுள்ள சிறு நிதியை எதிற் செலவிடுவது என்பதே ஈண்டு வினா. தமிழாசிரியருக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என நகைப்போர் நகைக்க. சஞ்சிகைக்குப் படம் திரட்டும் பொறுப்பு எம்மிடம் வந்த நாள் தொட்டு அம்முக்காலியைச் சுமந்தோருள் யாமும் ஒருவரே.

திருகாணியின் பெருமையை முதற்கண் கூறுதல் முறை. கமராவின் அடியிலுள்ள துளை பெரும்பாலும் 1/4 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 20 புரிகளும் உடையது. பாரமான கருவிகளுக்கு 3/8 அங்குலத் திருகாணி உண்டு. இவ்விரண்டும் அனைத்துலக நியமங்களுள் 1222ஆம் இலக்கத்தின்கண் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆதலின், பாட்டனார் காலத்து முக்காலி 1/4 அங்குலத் திருகாணி உடையதாயின், நேற்று வாங்கிய கமராவும் அதன்மேல் அமரும். குழுப்படம் பிடிப்போர்க்கு இதுவே சாலும். அதிபரும் ஆசிரியரும் முன்வரிசையில் அமர்ந்து, பின்வரிசை மாணவர் வாங்கின் மேல் ஏறி நின்று அடங்குதற்குள் கமராவைப் பத்து முறை திருகலாம்! கட்டடங்களையும் இரவு வானத்தையும் படமாக்குவோர்க்கும் அவசரம் என்பது இல்லை.

நிற்க. விளையாட்டுப் போட்டி நாளில் நிலைமை வேறு. ஓட்டத்தின் தொடக்கத்தை முக்காலியில் வைத்துப் பிடித்த மாணவன், முடிவுக் கோட்டுக்குக் கமராவைக் கையிலேந்தி ஓடவேண்டும். அப்பொழுது அதனைச் சுற்றிச் சுற்றிக் கழற்றுவதற்குள் வென்றவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான். தகடு உளதாயின் பிடியைத் தளர்த்திக் கமராவை எடுத்துச் செல்லலாம்.

ஆயினும், விரைவினும் வலிய காரணம் ஒன்று உண்டென்பது எமது கருத்து. அவசரக் கைகள் திருகாணியைக் கோணலாக ஏற்றுவதுண்டு. அவ்வாறு வலிந்து முறுக்கினாற் கமராவின் புரி கெடும். அதனைத் திருத்துவித்தல் எளிதன்று. பலர் கைமாறும் கமராவுக்கு இவ்விடர் மிகுதி. தகட்டை ஒருமுறை பொருத்தி அப்படியே விட்டுவிட்டால் அன்றாடத் தேய்மானம் தகட்டுக்கும் பிடிக்குமே உரியதாகும்.

தகட்டிலும் குறைகள் இல்லாமலில்லை. திருகாணிக்கு உள்ள பொதுமை அதற்கு இல்லை. ஓரங்கள் சரிவாக அமைந்த, ஏறக்குறைய 38 மில்லிமீற்றர் அகலமுள்ள ஆர்க்கா சுவிஸ் வகைத் தகட்டைப் பல நிறுவனங்கள் இன்று செய்கின்றன. எனினும் அளவில் நுண்ணிய வேறுபாடுகள் உள. வேறு சில நிறுவனங்களோ தமக்கெனத் தனி வடிவங்களை வைத்துள்ளன. ஒன்றின் தகடு மற்றொன்றன் பிடியில் அமையாது. தகட்டை வீட்டில் மறந்து வந்தவனுக்கு முக்காலி வெறும் சுமையே. கமராவை நெடுக்குவாட்டிற் சாய்த்தால், ஒற்றைத் திருகாணியில் நிற்கும் தகடு மெல்லத் திரும்பிவிடுதலும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது, பூட்டாத பிடியைப் பூட்டியதாக எண்ணிக் கையை எடுத்துவிடுதல்.

ஆதலின் ஒரே கமராவை வைத்துக்கொண்டு ஆறுதலாகப் படம் பிடிப்பவர் தகட்டுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. அவர்க்கு அது வசதி, தேவையன்று. எமது கழகம் போன்று ஒரு முக்காலியைப் பலர் பகிருமிடத்து அது தேவையே என்போம். முக்காலியின் தலை ஆட்டங்காணுமாயின் முதலில் அதனை மாற்றுக. ஆடும் தலைமேல் எத்தகடும் பயன் தராது. பின்னர் ஒரே வகையான நான்கு தகடுகளும் ஒரு பிடியும் வாங்குக. நெம்பினாற் பூட்டும் பிடியிலும் திருகிப் பூட்டும் பிடியே எமக்கு உவப்பு; அளவு சிறிது வேறுபட்ட தகட்டையும் அது இறுகப் பற்றும். பூட்டிய பின் கமராவை ஒருமுறை மேல்நோக்கி இழுத்துப் பாராமற் கையை விடலாகாது. தகடுகளுக்கு இலக்கமிட்டு, எக்கமராவுக்கு எது என்பதைப் பதிவேட்டில் எழுதுக. அப்பதிவேட்டை வைத்திருக்க யாம் இசைகின்றோம்.